ஆட்டத்தைக் கலைக்க வருபவர்கள்

ராக்கெட் லீக்கில் கோலைத் தடுக்கத் தவறியவரின் திரையில் மூன்று சொற்கள் வந்து விழும்: ‘வாட் எ சேவ்!’ காரை ஓட்டிக் கால்பந்து ஆடும் அந்த விளையாட்டில், நடுவில் நிறுத்தித் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரமில்லை. அதனால் இரண்டே தட்டலில் அனுப்புகிற மாதிரி சில தயார் வாசகங்களை வைத்திருக்கிறார்கள். இது நல்ல தடுப்பைப் பாராட்டுவதற்கான வாசகம். ஆனால் அது அதிகம் வருவது பந்து வலைக்குள் போன பிறகுதான். அதுவும் ஒரு தடவையோடு நிற்காது, வரிசையாக மூன்று தடவை வரும். சில நேரம் எதிரணியிலிருந்து வரும், சில நேரம் சொந்த அணிக்காரரே அனுப்புவார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது.

ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் இதைவிடக் கட்டுப்பாடு அதிகம். முகம் தெரியாத எதிராளியோடு ஆட்டத்துக்குள் சுதந்திரமாகப் பேசவே வழி கிடையாது. நன்றி, வணக்கம் போல ஆறு வாசகங்கள் மட்டும். அந்த ஆறில் ஒன்றாக ‘சாரி’ இருந்தது. ஜெயிக்கப் போகிற கடைசி அடியைப் போடுவதற்கு முன்னால் நிதானமாக ‘சாரி’ சொல்லிவிட்டுப் போடுவது வழக்கமாகிப்போனது. 2016-இல் அதை எடுத்துவிட்டு ‘வாவ்’ என்று மாற்றினார்கள். சரி, பிரச்சினை தீர்ந்ததா? எதிராளிக்குச் சீட்டு சரியாக விழாத நேரமாகப் பார்த்து ‘வாவ்’ சொல்ல ஆரம்பித்தார்கள்.

வேண்டுமென்றே அடுத்தவரின் ஆட்டத்தைக் கெடுப்பதை ஆன்லைன் விளையாட்டுக்காரர்கள் கிரீஃபிங் என்பார்கள். அதன் சாரம் இந்த இரண்டு சின்ன உதாரணங்களிலேயே இருக்கிறது. கிரீஃபருக்குக் காரும் பந்தும் சீட்டும் இரண்டாம்பட்சம். அவர் உங்கள் எரிச்சலை வைத்து ஆடுகிறார். நீங்கள் கத்தினால் அவருக்கு ஒரு புள்ளி, வெறுத்துப்போய் வெளியேறினால் வெற்றி. அதனால் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அது எரிச்சலூட்டும் கருவியாக மாறிவிடும். இதைச் சமாளிக்க நிறுவனங்களும் சர்வர் நடத்துபவர்களும் நாற்பது வருடமாகச் செய்துபார்த்ததில் எது பலித்தது, எது சொதப்பியது என்று பார்த்தால், தண்டனையின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏமாற்றுவதும் ஆட்டத்தைக் கலைப்பதும் வேறு வேறு. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹுய்சிங்கா 1938-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். அழுகுணி ஆட்டம் ஆடுபவர் வெளிப்பார்வைக்காவது விதிகளை மதிப்பதுபோல நடிக்கிறார். அவருக்கு ஆட்டமும் வேண்டும், வெற்றியும் வேண்டும். கலைப்பவருக்கோ ஆட்டமே ஒரு பொருட்டில்லை. சமூகம் ஏமாற்றுபவரைக்கூடச் சகித்துக்கொள்ளும், கலைப்பவரைத்தான் மன்னிக்காது என்றார் அவர். ஆன்லைனுக்கு இது அப்படியே பொருந்துகிறது. குறி தானாக எதிரியின் தலையில் போய் நிற்கும் ஏய்ம்பாட்டைக் கண்டுபிடிக்க மென்பொருள் உண்டு. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நிற்பவர், மருத்துவர் வேடத்தை எடுத்துக்கொண்டு ஒருத்தருக்கும் சிகிச்சை கொடுக்காதவர், ‘ஏஎஃப்கே’, அதாவது ஆடாமல் எழுந்து போனவர் என்று பிடிபடாமலிருக்கப் பத்து நொடிக்கு ஒருமுறை இரண்டு அடி மட்டும் நகர்பவர், எதிரியிடம் போய்ப் போய்ச் செத்து ‘ஃபீட்’ செய்பவர் – இவர்களில் யாரும் வெளி மென்பொருள் எதையும் பயன்படுத்தவில்லை. விளையாட்டின் அமைப்பு அனுமதித்ததைத்தான் செய்கிறார்கள். பன்னிரண்டு தடவை செத்த கற்றுக்குட்டியும் வேண்டுமென்றே பன்னிரண்டு தடவை செத்தவரும் ஸ்கோர் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வித்தியாசம் மனசுக்குள் இருக்கிறது, அதைக் கணிப்பொறி படிக்க முடியாது.

பிரச்சினை ஒன்றும் புதிதல்ல. 1986-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் காமடோர் 64 கணினிக்காக ‘ஹேபிடாட்’ என்ற இணைய உலகத்தைச் சோதனைக்கு விட்டது. படங்களோடு பலர் ஒன்றாக உலாவும் முதல் உலகங்களில் அது ஒன்று. சுவாரசியத்துக்காகத் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். உடனே சிலர் கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுக் கையிலிருந்ததைப் பறிக்கத் தொடங்கினார்கள். கொலை இங்கே குற்றமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று அந்த உலகவாசிகளிடமே கேட்டபோது, பாதிக்குப் பாதி பிரிந்து நின்றார்கள். கடைசியில் ஊருக்குள் ஆயுதம் வேலை செய்யாது, ஊருக்கு வெளியே செய்யும் என்று எல்லை போட்டார்கள். பின்னாளில் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இதே எல்லைக்கோட்டை வேறு வேறு பெயரில் மறுபடி கண்டுபிடித்தன.

அதில் பெரிய பாடம் 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன். யாரும் யாரையும் எங்கும் கொல்லலாம் என்ற சுதந்திரத்தோடு தொடங்கியது. ஊரைவிட்டு வெளியே வந்த புதியவர்களைக் கும்பலாகக் காத்திருந்து கொன்று, உடைமைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கொலைகாரர்களுக்குச் சிவப்புப் பெயர், நற்பெயர்க் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடைசியில் 2000-இல் உலகத்தையே இரண்டாக நகலெடுத்தார்கள். ஃபெலுக்கா பழைய சட்டப்படி நடக்கும். டிராமெல்லில் சம்மதம் இல்லாமல் ஒருவர் இன்னொருவரைத் தாக்க முடியாது. பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு டிராமெல்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஃபெலுக்கா வெறிச்சோடியது. ஆடுகள் போய்விட்ட மேய்ச்சல் நிலத்தில் ஓநாய்கள் மட்டும் மிஞ்சின. அந்த ஓநாய்களோ ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று இன்றுவரை குறைபட்டுக்கொள்கின்றன. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆபத்தே இல்லாத காட்டில் நடக்கச் சிலருக்குப் பிடிக்காது.

அதனால்தான் செயலை மட்டும் வைத்துக் கிரீஃபிங்கை வரையறுக்க முடிவதில்லை. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் நம்ப வைத்துக் கழுத்தறுப்பது, வருடக்கணக்கில் ஒரு குழுவுக்குள் உளவாளியாக இருந்து கஜானாவைச் சுருட்டுவது எல்லாம் விதிக்கு உட்பட்டவை. அங்கே போகிறவர்களுக்கு அது தெரியும். கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்டில் 2010-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 2பி2டி சர்வரில் விதி என்பதே கிடையாது. புதியவர்கள் பிறக்கும் இடத்தைச் சுற்றிப் பல தூரத்துக்குக் குழியும் எரிமலைக் குழம்புமாக உலகம் சிதைந்து கிடக்கிறது, அந்தச் சிதைவைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். டார்க் சோல்ஸ் விளையாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் உலகத்துக்குள் புகுந்து உங்களை வேட்டையாடுவது கதையின் பகுதி. இதே காரியத்தை நண்பர்கள் நான்கு பேர் மூன்று மாதமாகக் கோட்டை கட்டும் சர்வரில் செய்தால் அது அட்டூழியம். எதற்குச் சம்மதித்து உள்ளே வந்தோம் என்பதில்தான் கோடு விழுகிறது. ஆகவே இங்கே என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டிவிடும் சர்வரில் பாதிச் சண்டை வராது.

ஏன் செய்கிறார்கள் என்பதற்கு எல்லோரும் சொல்லும் பதில், முகம் தெரியாத தைரியம். அது உண்மைதான். ஆனால் எனக்கு இன்னும் சரியாகப் படுவது ‘ஜர்னி’ விளையாட்டை உருவாக்கிய ஜெனோவா சென் சொல்லும் கதை. 2012-இல் வந்த அந்த விளையாட்டில் பாலைவனத்தில் போகும் உங்களோடு முகம் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். பேச்சு கிடையாது, பெயரும் தெரியாது. சேர்ந்து நடப்பதுதான் அனுபவம். ஆரம்ப வடிவத்தில் ஒருவரையொருவர் தொடவும் தள்ளவும் முடிந்தது. தடைகளைத் தாண்ட ஒருவருக்கொருவர் உதவுவார்கள் என்று நினைத்துத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் செய்த முதல் வேலை, கூட வந்தவரை ஆபத்துக்குள் தள்ளிவிட்டது. சென் ஒரு குழந்தை உளவியலாளரிடம் கேட்டபோது கிடைத்த விளக்கம் எளிமையானது. புதிய உலகத்துக்குள் நுழைபவர்கள் கைக்குழந்தை மாதிரி. எதைச் செய்தால் பெரிய எதிர்வினை கிடைக்கிறதோ அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நல்லது கெட்டது அப்புறம்தான்.

சென்னின் குழு யாரையும் தண்டிக்கவில்லை. மோதலையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் உடம்பு இன்னொருவரைத் தள்ள முடியாது. அதற்குப் பதில் அருகில் வந்து தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி நிரம்பும். தள்ளினால் ஒன்றும் நடக்காது, ஒட்டி நடந்தால் ஏதோ நடக்கிறது. அதே மனிதர்கள் பனிமலையில் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் நடந்தார்கள்.

எல்லா விளையாட்டிலும் இப்படிச் செய்ய முடியாது என்பதும் தெரிந்ததே. துப்பாக்கிச் சண்டையில் குண்டு யார் மேலும் படாது என்று வைத்தால் அப்புறம் என்ன சண்டை? ஆனால் எதற்குப் பரிசு கிடைக்கிறது என்பதை விளையாட்டுதானே தீர்மானிக்கிறது. குற்ற உலகத்தில் நடக்கும் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டில் பல வருடம், வியாபாரச் சரக்கை விற்க வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் வந்து சேரும் ஆட்ட அறையான பொது லாபியில்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சரக்கு கிளம்பியது லாபியில் இருப்பவர்களுக்கெல்லாம் வரைபடத்தில் தெரியும். 2018-இல் ஏவுகணை பொருத்திய ‘ஆப்ரெஸர் எம்கே 2’ பறக்கும் பைக்கும் வந்தது. ஒரு மணி நேர உழைப்பை ஒரு பொத்தானில் எரிக்க முடிந்தது. அடுத்தவரின் சொந்த வண்டிகளைத் தொடர்ந்து வெடிக்க வைப்பவர்களைக் மக்குத் தொப்பி மாட்டித் தனி ‘பேட் ஸ்போர்ட்’ லாபிக்கு அனுப்பும் தண்டனை அப்போதும் இருந்தது. அது ஒன்றும் பெரிதாக உதவவில்லை. 2022 ஜூலையில் பைக்கின் ஏவுகணையைப் பலவீனமாக்கி, அழைத்தவர்கள் மட்டும் இருக்கும் லாபியிலேயே விற்கலாம் என்று அனுமதித்த பிறகுதான் தனியாக ஆடுபவர்கள் மூச்சு விட்டார்கள்.

அணி விளையாட்டுகளில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தெரியாத நான்கு பேரோடு நாற்பது நிமிடம் கட்டிப்போடப்படுகிறீர்கள். ஒருவர் கலைத்தால் மற்ற நால்வரும் வெளியேறவும் முடியாது, வெளியேறினால் அவர்களுக்கே அபராதம். 2009-இல் வந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இதனால் ரொம்பவே பேர் கெட்டுப்போயிருந்தது. அதை நடத்தும் ரயட் நிறுவனம் நரம்பியல் படித்த ஜெஃப்ரி லின் தலைமையில் ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. எப்போதும் மோசமாக நடப்பவர்கள் சுமார் ஒரு சதவீதம்தான், அவர்களால் வரும் தொல்லையும் மொத்தத்தில் சிறு பங்குதான் என்று தெரியவந்தது. மிச்சத்தைச் செய்வது யார்? பெரும்பாலான நாள் ஒழுங்காக ஆடிவிட்டு, ஏதோ ஒரு நாள் பொறுமை போனவர்கள். அதாவது நீங்களும் நானும். பொறுக்கிகளைப் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

ரயட் செய்துபார்த்த ஒரு சின்ன மாற்றம் எனக்குப் பிடிக்கும். எதிரணியோடு பேசும் சாட் வசதியை யாருக்கும் தடை செய்யவில்லை. ஆரம்பத்தில் அணைத்து வைத்திருப்பார்கள், வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய் ஒரு தட்டில் திறந்துகொள்ளலாம். பேச்சின் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, வசவு கணிசமாகக் குறைந்தது. கோபத்தில் வாய் திறக்க நினைப்பவருக்கு நடுவில் ஒரு கதவைத் திறக்கும் வேலை வைத்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, தடை போடும்போது ஏன் தடை என்பதையும் சொல்லி, அவர் எழுதிய சாட் வரிகளையே எடுத்துக் காட்டியது. காரணம் தெரியாமல் தடை வாங்கியவர்கள் கறுவிக்கொண்டு திரும்பினார்கள். தான் எழுதியதைத் தானே படித்தவர்களில் திருந்தியவர்கள் அதிகம்.

அதே ரயட் 2011-இல் ‘ட்ரைபியூனல்’ என்று ஆட்டக்காரர்களே நீதிபதிகளாக வாக்களிக்கும் முறையையும் கொண்டுவந்து, சில வருடங்களில் மூடியது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2013-இல் ‘ஓவர்வாட்ச்’ என்ற பெயரில் இதை வேறு விதமாகச் செய்தது. (அதே பெயரில் ஒரு விளையாட்டும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம், அது அடுத்த பத்தியில் வருகிறது.) அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்குச் சந்தேகப்பட்டவரின் ஆட்டப் பதிவு பெயர் மறைத்துக் கொடுக்கப்பட்டது. ஏமாற்று மென்பொருள் உதவியா, கிரீஃபிங்கா என்று தனித்தனியாகத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. உள்நோக்கத்தைக் கணிப்பொறிக்குப் படிக்கத் தெரியாது, எட்டுச் சுற்று ஆட்டத்தைப் பார்த்த மனிதருக்கு ஓரளவு தெரியும் என்பதுதான் இதன் அடிப்படை. மெதுவான வழிதான், ஆனால் தர்க்கம் சரி.

கருவியைக் கொடுத்தால் அது எப்படித் திரும்பும் என்பதற்குப் பிளிஸார்டின் ஓவர்வாட்சைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2016-இல் அது வெளியானபோது ‘இந்த ஆட்டக்காரரைத் தவிர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. தொல்லை கொடுப்பவரோடு மறுபடி மாட்டிக்கொள்ளாமலிருக்கத்தான் அது. சில வாரங்களில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ‘விடோமேக்கர்’ பாத்திரத்தை ஆடுவதில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், ஆட்டம் கிடைக்க ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று முறையிட்டார். விசாரித்தால், அவரிடம் தோற்ற நூற்றுக்கணக்கானவர்கள் அவரைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. நன்றாகக் குறிபார்த்துச் சுட்டது மட்டும்தான் அவர் செய்த பாவம். விளையாட்டின் இயக்குநர் ஜெஃப் கப்லான் இதைச் சொல்லி அந்த வசதியை எடுத்துவிட்டார். 2018-இல் அது திரும்பி வந்தபோது வடிவம் மாறியிருந்தது: ‘சொந்த அணியில் வேண்டாம்’ என்று மட்டுமே சொல்ல முடிந்தது, அதுவும் அப்போது ஒரு நேரத்தில் இரண்டே பேரை.

ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற துப்பாக்கி விளையாட்டு 2019-இல் கொண்டுவந்த முறை இன்னும் நுட்பமானது. சொந்த அணிக்காரரைச் சுட்டுக் கொன்றால், செத்தவரிடமே கேட்கிறது: தெரியாமல் பட்டதா, வேண்டுமென்றா? வேண்டுமென்று என்றால், அதன்பின் அந்த ஆள் அணிக்காரர் மேல் சுடும் குண்டின் சேதம் அவர் மேலேயே திரும்பும். ஆட்டத்தைவிட்டு அனுப்பவும் இல்லை, சுடக் கூடாது என்று சொல்லவும் இல்லை. கலைப்பதன் ருசியை மட்டும் எடுத்துவிட்டார்கள். உள்நோக்கம் என்ற அந்தக் கடினமான கேள்வியையும் பாதிக்கப்பட்டவரிடமே விட்டார்கள்.

வாய்ஸ் சாட்டில் கேட்கும் வசவு தனி உலகம். கால் ஆஃப் டியூட்டி 2023-இல் டாக்ஸ்மோட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்து நேரலைப் பேச்சைக் கவனிக்கத் தொடங்கியது. அது சந்தேகப்பட்டதைக் குறித்துக் கொடுக்கும், நடவடிக்கையை நிறுவனம் முடிவு செய்யும். நண்பர்களின் நக்கலுக்கும் உண்மையான வன்மத்துக்கும் குரலில் இருக்கும் வித்தியாசத்தை அது எந்த அளவுக்குப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

நிறுவனங்கள் எதையோ செய்யட்டும், மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? முதல் சீண்டலிலேயே மியூட் செய்துவிடுங்கள். ‘ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு மியூட் செய்கிறேன்’ என்று நினைக்கும் அந்த ஒரு பதில்தான் எதிராளி காத்துக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் செய்யும்போது கோபத்தை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள்: எந்த நிமிடம், என்ன செய்தார், எத்தனை தடவை. பழிவாங்க வேண்டாம். ஆட்டப் பதிவைப் பார்ப்பவருக்கு நீங்கள் திருப்பிச் சுட்டதும் தெரியும், அப்புறம் இருவருக்கும் தண்டனை. இரண்டு தோல்விக்குப் பிறகு நமக்கே சூடு ஏறுவது தெரிந்தால் எழுந்து போய்விடுவதும் தற்காப்புதான். அந்த ‘ஏதோ ஒரு நாள்’ ஆட்களில் நாமும் சேராமலிருக்க.

ஒரு எல்லைக்கு மேல் இது விளையாட்டுத் தொல்லை என்ற கணக்கிலேயே வராது. முகவரியைக் கண்டுபிடித்து வெளியிடுவது, கொலை மிரட்டல், பொய்த் தகவல் சொல்லி ஒருவர் வீட்டுக்கு ஆயுதப் போலீஸை அனுப்பும் ‘ஸ்வாட்டிங்’ எல்லாம் குற்றம். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்தில், கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் ஒன்றரை டாலர் பந்தயத்தால் வந்த சண்டையில் இப்படி ஒரு பொய் அழைப்பு போனது. போலீஸார் சுட்டதில் அந்த ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் செத்துப்போனார். அழைத்தவருக்கு 2019-இல் 20 ஆண்டு சிறை. இப்படி ஏதாவது மிரட்டல் வந்தால் ரிப்போர்ட் பொத்தானோடு நிற்காமல், திரைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு காவல் துறைக்குப் போக வேண்டும்.

சொந்தமாக மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: நடந்ததை நடக்காததாக ஆக்கலாம். கிரீஃபிங் என்ற சொல்லே அந்த விளையாட்டின் விதிப் பட்டியலுக்குள் ‘மாப்கிரீஃபிங்’ என்று புகுந்து ரொம்ப நாள் ஆகிறது. ‘மாப்’ எனப்படும் விளையாட்டு உயிரினங்கள் உலகத்தை மாற்றலாமா என்பதற்கான அந்த விதியை அணைத்தால், கிரீப்பர் என்ற ஜந்து வெடித்தாலும் சுவர் உடையாது. ஆனால் அதோடு கிராமத்து ஆட்கள் பயிர் செய்வதையும் நிறுத்திவிடுவார்கள். உடைப்பதைத் தடுக்கப்போய் வாழ்வதையும் தடுத்த கதை. மனிதர்களைச் சமாளிக்க, தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடும் ஒயிட்லிஸ்ட் முதல் வேலி. ஆனால் வீடு நாசமாவது பெரும்பாலும் நண்பரின் நண்பரால், அதாவது வேலிக்கு உள்ளே இருந்தே. அதனால் அவரவர் கட்டிய நிலத்தை அவரவர் பெயரில் பூட்டும் பிளகின் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்), புதியவர்களுக்கு முதல் சில நாள் டிஎன்டி வெடியும் எரிமலைக் குழம்பு வாளியும் கொடுக்காத விதி, தினமும் ஒரு பேக்கப் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள்.

இத்தனையிலும் நான் முதலில் வைக்கச் சொல்வது கோர்புரொடெக்ட் மாதிரியான பதிவு பிளகினைத்தான். யார் எந்தக் கட்டியை எப்போது உடைத்தார், எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்று எல்லாவற்றையும் அது எழுதி வைத்துக்கொள்கிறது. விசாரணையே தேவைப்படாது. பெயர், எத்தனை மணி நேரம், எவ்வளவு சுற்றளவு என்று மூன்றை மட்டும் கொடுத்து ஒரு கட்டளை போட்டால், எரிந்த கூரையும் காணாமல்போன வைரமும் வந்த இடத்தில் வந்து உட்காரும். இரண்டு மணி நேரம் பாடுபட்டுக் கோட்டையைத் தரைமட்டமாக்கியவர், மறுநாள் யார் கத்துகிறார்கள் என்று பார்க்க ஆசையோடு வேறு பெயரில் உள்ளே வருவார். கோட்டை நின்ற இடத்தில் நிற்கும். சாட்டில் இரண்டு பேர் பூசணி விதை யாரிடம் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.